இரண்டு பக்கமும் நொண்டுகிற காளை

நீ என்னை ஏமாற்றிவிட்டாய். முதுகுக்குப் பின்னால் பேசுகிற ஆள் நானில்லை, நேராகவே சொல்கிறேன், உன்னைப்போல ஒரு பித்தலாட்டக்காரனை நான் மாட்டுச் சந்தையில்கூடப் பார்த்ததில்லை. பிறந்ததிலிருந்து கூடவே இருந்தாய். நான் தின்றதில் பாதியை நீதான் மென்றாய். பள்ளிக்கூடத்து வாத்தியார் அறைந்தபோதும், என்னை முதலில் வேலைக்கு வைத்த வியாபாரி அறைந்தபோதும் உன்மேல்தான் விழுந்தது, அடிக்கிறவன் எல்லாம் வலக்கைக்காரனாக இருந்தால் அதற்கு நான் என்ன செய்வேன், அந்த வன்மத்தை இத்தனை வருஷம் உள்ளே வைத்திருந்து போன தை மாதம் தீர்த்துக்கொண்டாயா. ஒரு கொம்பு பட்டது, இல்லை என்று சொல்லவில்லை, காதுக்குக் கீழே நாலு விரல் நீளம் கிழிந்தது, தைத்தார்கள், ஆறிவிட்டது. தோல் ஆறின பிறகும் எழுந்திருக்க மாட்டேன் என்று படுத்துக் கிடக்கிறாயே, அதைத்தான் கேட்கிறேன். என் முகத்தின் இடது பாதி என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் உன்னை எழுதிக்கொள்கிறார்கள். என் முகமாம். நான் சொல்வதைக் கேட்காதது எப்படி என்னுடையது ஆகும். மூடு என்றால் கண்ணை மூடுவதில்லை, தூக்கு என்றால் உதட்டைத் தூக்குவதில்லை, கேட்காமலே தண்ணீர் மட்டும் வடிக்கிறாய், இதோ இப்போதும் வடிகிறது, துடைக்கலாம் என்று துண்டை எடுத்தால் "ஐயா, கை வேண்டாங்க, புள்ளி விழுந்துரும்" என்கிறாள் இந்தப் பெண்.

பெனசீர் என்று பெயர். டாக்டர் இல்லை. டாக்டர்களுக்கு முகங்களை அளந்து கணக்குப் போட்டுக் கொடுக்கிறவள், புள்ளியியல் படித்தவளாம், கோயமுத்தூர் பேச்சு, என் மகள் வயதுதான் இருக்கும். பின்னால் கறுப்புத் துணி தொங்கவிட்டு, என் தலையை ஒரு கம்பித் தாங்கியில் சாய்த்துவிட்டு, எதிரே மூன்று கால் நட்டு ஒரு கேமராவை வைத்திருக்கிறாள். சுவரோரம் பெஞ்சில் என் சம்சாரம் மயிலாத்தாள், மடியில் தூக்குப்போசி, இரண்டு கையும் அதன் மூடிமேல். காலையிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காத பெண்பிள்ளை உள்ளே எதையோ முடிவு செய்துவிட்டாள் என்று அர்த்தம். போன தடவை வந்தபோது நான் மருந்துக்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் இவளும் அந்தப் பெண்ணும் வராந்தாவில் நின்று தலையோடு தலை சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள், என்னைக் கண்டதும் பிரிந்துகொண்டார்கள். என்ன பேசினாய் என்று கேட்டதற்கு, "ஒன்னுமில்லீங், கேமராவப் பத்தி" என்றாள். கேமராவைப் பற்றி இவளுக்கு என்ன பேச்சு. நான் முப்பது வருஷமாகத் தரகன். இரண்டு பேர் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைத் தூரத்திலிருந்து பார்த்தே, தோள் எப்படி அசைகிறது என்று வைத்து, பேரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லிவிடுவேன். அன்றைக்கு வராந்தாவில் இரண்டு தோளும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

பொட்டு அளவுக்கு வெள்ளை ஒட்டுப்புள்ளிகள், புருவத்து முனை, கண் ஓரம், மூக்குத் துவாரம், உதட்டின் இரண்டு கடைசி, தாடை என்று வரிசையாக ஒட்டிக்கொண்டே வருகிறாள், நெற்றி நடுவில் ஒன்று, மூக்கு நுனியில் ஒன்று, மோவாயில் ஒன்று, இது மூன்றும் நடுக்கோடு, மற்றதெல்லாம் சோடி சோடி. சோடி என்ற வார்த்தையை அவள் சொன்னதும் எனக்குக் கொஞ்சம் பிடித்துப்போனது, உடனே அது ஏன் பிடிக்க வேண்டும் என்று சந்தேகமும் வந்தது. வியாபாரத்தில் எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே சோடி சேர்ப்பதுதான். ஒரு மயிலைக் காளை வைத்திருப்பான், அதற்கு இணை தேடித் தரச் சொல்லுவான், உயரம் ஒத்திருக்கும், கொம்பு ஒத்திருக்கும், நடை ஒத்திருக்காது, நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். நுகத்தில் பூட்டி நாலு எட்டு நடக்கவிட்டால் எது இழுக்கிறது, எது இழுபடுகிறது என்று தெரிந்துவிடும். போன தையில் அப்படி நடக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இடத்துக் காளை, இடதுபக்கம் பூட்டியிருந்தது, தலையைச் சிலுப்பியது. என்னைக் குத்த வேண்டும் என்று அதற்கு ஒன்றும் இல்லை, ஈ ஓட்டியது. அதன்மேல் எனக்குக் கோபமில்லை. உன்மேல்தான். "ஐயா, இப்ப உங்க முகத்தப் படம் எடுத்து, கண்ணாடியில பாக்குற மாதிரி அப்படியே திருப்பி, அதும்மேலயே வெச்சுப் பாப்போம். எந்தப் புள்ளி எவ்வளவு வெலகி நிக்குதுன்னு அளந்து, எல்லாத்தையும் சேத்தா ஒரு எண் வரும்" என்கிறாள். போன தடவையும் இதையேதான் சொன்னாள். ஒரு எண். என்னைப் பெற்றவள் பார்த்த முகம், மயிலாத்தாள் கழுத்தை நீட்டிய முகம், கடைசியில் ஒரு எண். இருக்கட்டும், மாட்டுக்கும் கடைசியில் ஒரு எண்தான், மாடு அதைப் பற்றி என்ன நினைத்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்வது ஏன் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு தடவை படம், அப்புறம் புள்ளியை உரித்துவிட்டு மறுபடி ஒட்டி இன்னொரு படம். ஒரே மாட்டுக்கு இரண்டு தடவை வாயைப் பிளந்து பல் பார்க்கிறவன் ஒன்று வேலை தெரியாதவன், இல்லை விலையை இறக்கப் பார்க்கிறவன். "ஏனம்மிணி, ஒருக்கா ஒட்டுனது பத்தாதா" என்று கேட்டேன். "என் கை எவ்வளவு தப்புதுன்னு தெரியணுமில்லீங்களா. அதக் கழிச்சாத்தான் உங்க முகத்துல இருக்கிற வித்தியாசம் எது, நான் கோணையா ஒட்டுனது எதுன்னு பிரியும்" என்றாள். தன் கை தப்பும் என்று முதலிலேயே சொல்லிவிட்டு வியாபாரம் பேசுகிற ஆளை நான் கண்டதில்லை. அதனாலேயே இன்னும் கொஞ்சம் உஷாரானேன். அப்படிப் பேசுகிறவனிடம்தான் கையை இறுக்கி மூடிக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு கோடு காட்டினாள் போன தடவை, ஆனியில். ஒரு ஓரத்தில் சுழியம், அங்கே இருந்தால் இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்று. அங்கிருந்து தள்ளித் தள்ளி எறும்பு மொய்த்த மாதிரி புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு ஆள், ஒன்றும் ஆகாத நல்ல முகங்கள், நர்சுகள், வாட்ச்மேன், படிக்க வந்த பிள்ளைகள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அடங்குகிற இடத்தில் ஒரு சிவப்புக் கோடு. அதற்கு அந்தப்பக்கம், அத்துவானத்தில், தனியாக ஒன்று. "அது நீங்க." நான் கேட்டேன், "ஏனம்மிணி, அந்தச் செவப்புக் கோட்டக் கொஞ்சம் அந்தப்பக்கம் நவுத்திப் போட்டாத்தான் என்ன, யாரு கேக்கப் போறாங்க." அவள் சிரித்தாள். "கோடு எங்க வீட்டுச் சொத்தா இருந்தா உங்களுக்கே எழுதித் தந்துருவனுங்க ஐயா." "செரி, என்னையவாச்சும் கொஞ்சம் இந்தப்பக்கம் இழு." "நீங்களா வந்தாத்தானுங்க." நானாக வந்தால்தானாம். அந்த வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாளோ, எனக்கு அது ஒரு விலையாகக் கேட்டது.

கோட்டுக்கு அந்தப்பக்கம் நின்றால் கத்தி. நாளைக்குப் பெரிய டாக்டர் வருகிறார், இன்றைக்கு வருகிற எண்ணைப் பார்த்துத்தான் பேர் எழுதுவார். கோட்டுக்கு இந்தப்பக்கம் வந்துவிட்டவர்களைத் தானே தேறிவிட்டார் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அவர் போன தடவை விளக்கியதை நான் ராத்திரி எல்லாம் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். கெண்டைக்காலில் இருந்து ஒரு நரம்பை உருவுவார்களாம். அதன் ஒரு முனையை வலது கன்னத்தில், நன்றாக வேலை செய்கிற நரம்பின் ஒரு கிளையில் வைத்துத் தைப்பார்கள், மறுமுனையை மேலுதட்டுக்கு உள்ளாகவே இந்தப்பக்கம் கொண்டுவந்து உன்னிடம் தைப்பார்கள். வலதுபக்கம் சிரித்தால் அந்தச் சிரிப்பு ஊர்ந்து உன்னிடம் வருமாம். வராமலும் போகலாமாம். வந்தாலும் மாசக்கணக்கு ஆகுமாம். இன்னும் நாளைக் கடத்தினால் உன் தசை காய்ந்துபோகும், அப்புறம் நரம்பு வந்து சேர்ந்தாலும் இழுக்க ஆளிருக்காது என்றார். இதைக் கேட்டு எந்தத் தரகன் தலையாட்டுவான். நல்ல காலையும் அறுத்து, நல்ல கன்னத்தையும் கீறி, படுத்துக் கிடக்கிற உனக்குப் பங்கு கொடுக்க வேண்டும், நீ எழுந்திருப்பாய் என்று யாரும் வாக்குக் கொடுக்க மாட்டார்கள். கத்திக்குப் பயமா என்று மயிலாத்தாள் ஒரு தடவை கேட்டாள். பயமாவது. பயம் இல்லை. கொம்பு கிழித்தபோதே நான் நின்றுகொண்டுதான் தையல் போட்டுக்கொண்டேன். இல்லை, உட்கார்ந்துதான். உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு. இருக்கிற ஒரு பக்கமும் போய்விட்டால் என்று ஒரு நினைப்பு, அது பயம் இல்லை, யோசனை.

நீ செய்ததை எல்லாம் நான் சொல்லாமல் விட்டால் உனக்குத் தெரியாது. காப்பி குடித்தால் உன் பக்கமாகவே ஒழுகுகிறது, சந்தைக் கடையில் இருபது பேர் பார்க்க சட்டை நனைகிறது, அதனால் காப்பியை விட்டேன். படுத்தால் உன் கண் திறந்தே இருக்கிறது, பிளாஸ்திரி ஒட்டித் தூங்குகிறேன், விடியற்காலையில் அவள்தான் இமை பிய்யாமல் மெல்ல உரிக்கிறாள். தொழிலில் நீ செய்தது பெரிய துரோகம். தரகன் முகம் மூடின கதவு மாதிரி இருக்க வேண்டும். நீ ஒரு பக்கம் தொங்குகிறாய், வலதுபக்கம் உன்னையும் சேர்த்து இழுக்கிறது, பார்க்கிறவனுக்கு நான் கோணச்சிரிப்புச் சிரிக்கிற மாதிரித் தெரிகிறது. தன் மாட்டை ஏளனம் செய்கிறேன் என்று ஒருவன் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு போனான். "என்னங் மாப்ள, என்ற மாட்டப் பாத்தா உங்களுக்கு நக்கலாத் தெரியுதா" என்றான் இன்னொருவன், பதினைந்து வருஷம் பழகினவன், நானும் விடவில்லை, சட்டையைப் பிடித்துவிட்டேன், பிரித்துவிட்டார்கள். போகிற வழியெல்லாம் இரண்டு பேர் நின்று பேசினால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. சிலநேரம் உண்மையாகவே என்னைப் பற்றித்தான். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. உதடு சேராமல் சில எழுத்துகள் வாயில் நிற்பதில்லை, காற்றாகப் போய்விடுகின்றன. மாடு என்று சொன்னால் எச்சில் தெறிக்கிறது, பல்லு என்றால் ஊதுகிற மாதிரி இருக்கிறது. தொழில் விரலில் நடப்பதால் அங்கே சமாளித்தேன். வீட்டில்தான் ஒரு பேர் இருக்கிறது. மயிலா என்று கூப்பிட்டால் முதல் எழுத்திலேயே உதடு பிரிந்துகொண்டு, யாரோ சாராயக்கடையில் இருந்து வந்து கூப்பிடுகிற மாதிரி விழுகிறது. ஒரு தடவை கூப்பிட்டேன், அவள் திரும்பிப் பார்த்த பார்வையைப் பார்த்தேன், அதோடு விட்டேன். அன்றிலிருந்து இந்தா என்றுதான். இந்தா, தண்ணி. இந்தா, சட்டை. இந்தா என்பதற்கு உதடு தேவையில்லை. அவள் அதைக் கவனித்தாளா என்று எனக்குத் தெரியாது. கவனித்திருந்தாலும் என்னவென்று நினைத்தாளோ.

"ஐயா, சித்த ஆடாம இருங்க. மொதல்ல சும்மா பாருங்க, ஒன்னும் பண்ண வேண்டாம்." ஒன்றும் பண்ண வேண்டாமாம். இப்போது நான் பண்ணுகிற அளவுக்கு வேலை இந்தக் கட்டடத்தில் யாரும் பண்ணவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு முன்னாலிருந்தே பழகி வருகிறேன், வண்டிக் கண்ணாடியில், சவரக் கண்ணாடியில், குளத்துத் தண்ணீரில்கூட. உன்னை எழுப்ப முடியாது என்று தெரிந்த பிறகு வேறு என்ன வழி. எனக்கு மீசை முளைக்காத வயதில், தேர்ச்சந்தையில் கொழந்தவேலு என்று ஒரு தரகன் என் தலையில் ஒரு காளையைக் கட்டினான், நான் சொந்தமாக வாங்கின முதல் காளை. அதற்கு இடது முன்னங்கால் நொண்டு. நொண்டு என்றால் ஒரு பக்கம் தாழும், தலை ஒரு பக்கம் குத்தும், குருடன்கூடக் கண்டுபிடிப்பான். அவன் என்ன செய்தான், வலது முன்னங்குளம்பின் பிளவில் சின்னக் கல் ஒன்றைச் செருகிவிட்டான். இரண்டு காலும் ஒரே மாதிரி வலித்தால் காளை ஒரே மாதிரி நடக்கும், நிதானமாக, தலையை ஆட்டாமல், அடியெண்ணி வைக்கிற மாதிரி. "பாருங் தம்பி, கோயில் மாடாட்டம் நடக்குது" என்றான். நானும் அப்படியே மயங்கி ஓட்டிவந்தேன். வீட்டுக்கு வந்து குளம்பைத் தூக்கிப் பார்த்துக் கல்லை எடுத்ததும் காளை நொண்டியது. அப்போதுதான் அது நொண்டி என்றே தெரிந்தது. கல்யாணமான புதிதில் மயிலாத்தாளிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை, அந்தக் காளைக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்றாள், வியாபாரம் தெரியாத பேச்சு என்று நான் நினைத்தேன். ஆக, உன்னைத் தூக்க முடியாவிட்டால் வலதுபக்கத்தைத் தாழ்த்தலாம். வலது புருவத்தை உன்னைப்போல விழவிட வேண்டும், வலது கன்னத்தை மூட்டை இறக்கின மாதிரித் தளர்த்த வேண்டும், உதட்டின் வலது கடைசியை உள்ளே பல்லால் லேசாகக் கவ்விக்கொண்டால் அது மேலே ஓடாது. பழகப் பழக வந்துவிட்டது. ஆவணியில் இருந்து சந்தையில் எவனும் என்னிடம் சண்டைக்கு வரவில்லை, நாச்சிமுத்து தேறிவிட்டான் என்கிறார்கள். இந்த ஐப்பசிக்குள் என் முகம் நல்ல முகம் ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் ஒன்று.

விளக்கு மின்னுகிறது. "இப்ப கண்ண மூடுங்க." வலது கண்ணையும் ஒரு கீற்று திறந்தே வைக்கிறேன், அவளுடைய செருப்பு தெரிகிறது. மின்னுகிறது. "இப்ப நல்லாச் சிரிங்க ஐயா." பல்லால் கவ்விக்கொள்கிறேன். "சிரிங்க." "இதான் அம்மிணி சிரிப்பு, எங்க பக்கம் இப்படித்தான் சிரிப்போம்." மின்னுகிறது. புள்ளியை உரிக்கிறாள், ஒட்டுகிறாள், மறுபடி மூன்று. பிறகு அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எலியை நகர்த்துகிற டிக் டிக் சத்தம். நான் மயிலாத்தாளைப் பார்க்காமல் பார்க்கிறேன். அவள் என்னைப் பார்க்கிறாள், நேராக, வலது கன்னத்தையே, அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெண் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறாள். சத்தம் நின்றுவிட்டது. வாங்குகிறவன் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து குளம்பைப் பார்க்கும்போது ஒரு அமைதி வரும், அந்த அமைதி. "ஐயா, இங்க வந்து பாருங்க" என்கிறாள். திரையில் அதே கோடு, அதே எறும்புகள். சிவப்புக்கோட்டுக்கு அந்தப்பக்கம், அத்துவானத்தில் யாருமில்லை. எனக்குள் ஒன்று துள்ளுகிறது. எங்கே நான் என்று தேடுகிறேன், கூட்டத்துக்குள் இருப்பேன் என்று தேடுகிறேன், கூட்டத்திலும் இல்லை. அவள் விரலால் தொடுகிறாள். கூட்டத்துக்கும் சுழியத்துக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தில், சுழியத்துக்குப் பக்கத்தில், தனியாக மூன்று புள்ளி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. "இதுல இருக்கிற நல்ல மொகம் ஒன்னுகூட இங்க வரலீங்க ஐயா. எல்லாருக்கும் ஒரு பக்கம் கொஞ்சம் ஏறி இறங்கித்தான் இருக்கு. இதா, இது நானு" என்று கூட்டத்தின் வால்பக்கம், சிவப்புக்கோட்டுக்குக் கிட்டத்தில் ஒன்றைக் காட்டுகிறாள், நான் அவளை முதல்தடவையாக நிமிர்ந்து பார்க்கிறேன், ஆமாம், ஒரு புருவம் கொஞ்சம் மேலே, சிரித்தால் ஒரு கன்னத்தில்தான் குழி. "அதுவும் சும்மா இருந்தா ஒரு எண் வரும், கண்ண மூடுனா வேற, சிரிச்சா இன்னும் வேற. சிரிப்பு ரெண்டு பக்கமும் ஒரே அளவுக்கு யாருக்கும் ஏறாது. உங்களுக்கு மூணுக்கும் ஒரே எண்ணா வருது." இவள் கண்டுபிடித்துவிட்டாள். பொய் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், இந்த இடத்திலேயே இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன், வாயில் வார்த்தைகளை வரிசையாக வைத்துக்கொண்டு நிற்கிறேன். அவள் சொல்லவில்லை. "கேமராக் கண்ணாடியில தூசி இருந்தாலும் இருக்கும். நான் தொடச்சுட்டு வந்தர்றேன், நீங்க உக்காந்திருங்க" என்று கேமராவின் முன்பாகத்தைத் திருகிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போகிறாள். தூசியாம். என்னை ஓட்டிவிட வழி திறந்துவிட்டுப் போகிறாளா, நானாகத் திரும்பி உள்ளே வர வழி விட்டுப் போகிறாளா. இவ்வளவு சின்ன வயதில் இந்தத் தந்திரம் எங்கே கற்றாள். அல்லது தூசியாகவே இருக்குமோ.

நான் நாற்காலியில் வந்து உட்கார்கிறேன். மயிலாத்தாள் எழுந்து வருகிற சத்தம், புடவைச் சத்தம், தூக்குப்போசியைக் கீழே வைக்கிற சத்தம். பக்கத்தில் நிற்கிறாள். இப்போது வரும், ஆப்பரேசன் பண்ணிக்கோங்க என்று வரும், வராந்தாவில் பேசிவைத்தது இதுதான் என்று பல்லை இன்னும் இறுக்குகிறேன். "கொளம்புல வெச்ச கல்ல எடுத்துருங்" என்கிறாள். எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை, பிறகு விளங்கியது, விளங்கியதும் காதுவரை சுட்டது, உன் பக்கத்துக் காதும்கூடச் சுட்டது, அது மட்டும் உனக்குத் தெரிகிறதாக்கும். "எப்பப் புடிச்சுத் தெரியும்" என்று கேட்கிறேன். "ஆடியில இருந்தே. கொல்லையில கண்ணாடிய வெச்சுட்டு நீங்க நின்னதப் பாத்தன்." "சொல்லலாமுல்ல." "சொன்னாக் கேக்கற ஆளா நீங்." அப்புறம் அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னதை நான் எந்தச் சந்தையிலும் கேட்டதில்லை, அதற்கு எந்த விரலும் கிடையாது. "கொம்பு பட்டதுக்கப்பறம் எனக்குன்னு இருந்தது அந்த ஒரு பக்கந்தானுங். பாதிச் சிரிப்புன்னாலும் எனக்கு அது போதும்னு இருந்தன். அதையுஞ் சேத்துக் கட்டிப்போட்டுட்டீங். ராத்திரி ஒரு பக்கம் தொறந்தே கெடக்குது, பகல்ல இன்னொரு பக்கம் செத்துக் கெடக்குது. நான் எந்தப் பக்கம் பாத்து உங்ககிட்டப் பேசறது." நான் ஏதோ சொல்ல வாயெடுக்கிறேன். "பேர் சொல்லிக் கூப்படறதையும் நிறுத்திட்டீங். என்ற மேல கோவம்னு நெனச்சன். அந்தப் புள்ளதான் சொல்லுச்சு, ஒதடு சேராதுங்க, அதனால இருக்கும்னு." இதுதான் வராந்தாவில் பேசினதா. கேமராவைப் பற்றி என்று சொன்னாளே. நான் சந்தேகப்பட்ட இடத்தில் எல்லாம் வேறு ஏதோ இருந்திருக்கிறது. மடியில் கிடந்த துண்டை அவள் கொஞ்சம் இழுத்து, அதற்குள் கையை விட்டு என் விரல்களைப் பிடிக்கிறாள். எத்தனை விரலைப் பிடிக்கிறாள் என்று என் புத்தி தன்பாட்டுக்கு எண்ணுகிறது, பழக்கம், எண்ணி முடிப்பதற்குள் எல்லா விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், அப்படிப் பிடித்தால் அது எந்த விலையும் இல்லை, எங்கள் தொழிலில் அதற்குக் கணக்கு கிடையாது.

கதவு திறக்கிறது. பெனசீர் கண்ணாடியை மாட்டித் திருகுகிறாள், எங்கள் துண்டைப் பார்த்தும் பார்க்காத மாதிரி. "தூசிதானுங்களா" என்று மயிலாத்தாள் கேட்கிறாள். "கொஞ்சம் இருந்துச்சுங்க." புள்ளிகளை இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டுக் கேமராவுக்குப் பின்னால் போய் நிற்கிறாள். "எடுக்கலாமுங்களா ஐயா." "எடு அம்மிணி" என்கிறேன். "செவப்புக் கோடு எங்க இருக்குதோ அங்கயே இருக்கட்டும், நவுத்த வேண்டாம்." சும்மா இருக்கிற படம், பல்லை விட்டுவிட்டேன், வலது கடைசி மெல்லத் தன் இடத்துக்கு ஏறுகிறது, ஆவணியில் இருந்து கட்டிக் கிடந்தது அவிழ்த்துவிட்டதும் எங்கே போவது என்று தெரியாமல் நடுங்குகிறது. கண்ணை மூடுகிற படம், வலது கண் முழுக்க மூடி இருட்டாகிறது, உன் கண் வழியாக மட்டும் வெளிச்சம், நீ பார்த்துக்கொண்டே இருக்கிறாய். "இப்ப சிரிங்க." எதை நினைத்துச் சிரிப்பது என்று ஒரு கணம் தவிப்பு. அப்புறம் அந்தத் தூசி ஞாபகம் வந்தது, அந்தப் பெண் முகத்தை அவ்வளவு நல்லபடியாக வைத்துக்கொண்டு சொன்ன தூசி, இவள் மட்டும் சந்தைக்கு வந்திருந்தால் என்னை நாலு தடவை விற்று வாங்கியிருப்பாள், வலதுபக்கம் குபீர் என்று ஏறியது, கன்னம் திரண்டு, கண்ணோரம் சுருங்கி, அந்தச் சுருக்கத்தில் ஒட்டியிருந்த வெள்ளைப் புள்ளி ஒன்று பிய்த்துக்கொண்டு தெறித்து மயிலாத்தாள் புடவையில் போய் ஒட்டிக்கொண்டது. அவளும் சிரித்துவிட்டாள். "புள்ளி போச்சு அம்மிணி" என்கிறேன். "போகட்டுங்க, இன்னொன்னு ஒட்டிக்கலாம், அப்படியே இருங்க" என்கிறாள் பெனசீர். மின்னுகிறது. இந்தப் படத்தில் நான் சிவப்புக்கோட்டைத் தாண்டி, போன தடவையைவிடத் தூரத்தில், அத்துவானத்தில் போய் நிற்பேன், எனக்குத் தெரியும். நாளைக்குப் பெரிய டாக்டர் பேர் எழுதுவார். கெண்டைக்காலில் இருந்து உருவட்டும், வலதுபக்கத்தில் கிளையை எடுக்கட்டும், நான் கையை விரித்துவிட்டேன், உள்ளே ஒன்றும் மறைத்து வைக்கவில்லை. இனி பேச்சு உனக்கும் எனக்கும் இடையில். என் கூடவே பிறந்து, என் சோற்றைத் தின்று, இடத்துப் பக்கம் படுத்துக் கிடக்கிறவனே, கேட்டுக்கொள். இந்தப் பக்கத்துச் சிரிப்பை அறுத்து உனக்குக் கொண்டுவந்து கொடுக்கப் போகிறேன், ஊர்ந்து ஊர்ந்து வரும், மாசக்கணக்காகும், நான் காத்திருப்பேன், நீ தூங்கிவிடாதே. வந்து சேர்ந்த அன்றைக்கு எழுந்திரு. முழுக்க எழ வேண்டாம், அந்தப் பெண்ணின் புருவம் மாதிரி கொஞ்சம் ஏற்றமும் இறக்கமுமாக இருந்துகொள், நான் எதுவும் கேட்க மாட்டேன். ஒன்றே ஒன்று. உன் உதட்டைக் கொண்டுவந்து இந்த உதட்டோடு ஒரு தடவை சேர். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நீ கெடுத்ததை நீயே சரிசெய்.